கழற்றிப் பூட்டிய காதுத் தகடு

என் மகள் ஆட்டை மாற்றிவிட்டாள் என்று ஒருவர் சொன்னார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை. ஊர் முழுக்கக் கூடியிருந்த மைதானத்தின் வாசலில், சத்தம் போடாமல், இன்றைக்கு மழை வராது என்று சொல்வதைப்போலச் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது என்று சில நேரம் நினைக்கிறேன். பிறகு, இல்லை, இருந்திருக்கும் என்றும் நினைக்கிறேன்.

நாங்கள் அப்போது சுவிஸ் நகரமான லாங்கன்தாலுக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருந்தோம். கிராம சபை எங்களுக்குத் தந்த இடம் பழைய சீஸ் பட்டறையின் மேல்மாடி. பட்டறை மூடிக் கனகாலம், ஆனாலும் மழை நாளில் சுவர்கள் புளித்த பால் மணக்கும். என் கணவர் ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவினார். நான் முதியோர் இல்லத்துச் சலவைக் கூடத்தில் நின்றேன். நாங்கள் விட்டு வந்த ஊரில் கணிதம் படிப்பித்தவள். எங்கள் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருக்கவில்லை. ஆகவே வீட்டில் எந்தப் பேச்சும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். பக்கத்து வீட்டு நாய் இரவெல்லாம் குரைக்கிறது என்றால், "கேஸ் நிக்குது, பேசாமல் இரும்" என்பார் கணவர். சம்பளத்தில் பிழை இருக்கிறது என்றால், "கேஸ் நிக்குது." அவரைக் குறை சொல்லவும் முடியாது. பயத்தில் அவரும் நானும் ஒன்றுதான். அவருடையது வாயை மூடும். என்னுடையது தூங்க விடாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஊரில் ஆடு வளர்ப்போர் சங்கம் ஒன்று இருந்தது. வசந்தத்தில் விருப்பமான பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெட்டைக் குட்டியைப் பொறுப்பாகக் கொடுப்பார்கள். குட்டி பண்ணையிலேயே நிற்கும். பிள்ளை பள்ளி விட்டதும் போய்ப் பால் கொடுக்க வேண்டும், கொட்டில் கூட்ட வேண்டும், கயிற்றில் நடக்கப் பழக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் ஊர் மைதானத்தில் கண்காட்சி நடக்கும். காதில் சங்கத்தின் தகடு இருந்து, அதன் இலக்கம் தாய் தகப்பன் விவரம் எழுதும் இனப் பதிவில் இருந்தால், அந்தக் குட்டிக்குக் குளிர்காலத்தில் கொட்டிலில் இடம் உண்டு. தகடு இல்லாத குட்டிகளை அன்றைக்கே இறைச்சிக்காரர் ஏற்றிக்கொண்டு போவார். அவருடைய வான் வண்டி மைதானத்துக்குப் பின்னால் நிற்கும். இது பிள்ளைகளுக்கும் தெரியும். யாரும் அதைக் கொடுமை என்று நினைப்பதில்லை. நானும் வெள்ளிக்கிழமை தவிர ஆட்டிறைச்சி சாப்பிடுகிறவள்தான், அதில் எனக்குப் பாசாங்கு இல்லை.

அந்த ஆடுகள் எல்லாம் ஒரே வெள்ளை. கொம்பில்லாத சானன் ஆடுகள். புதிதாகப் பார்க்கிறவருக்கு ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் அவர்களுக்குத் தகடு அவ்வளவு முக்கியம்.

என் மகளுக்குக் கிடைத்தது இரட்டைக் குட்டிகளில் சின்னது. முதல் நாள் அது பால் போத்தலைச் சூப்பத் தெரியாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. பண்ணைக்காரப் பெண்மணி, நல்ல சிரித்த முகம் உள்ளவர், மகளின் தோளில் தட்டிச் சொன்னார்:

"இது தப்பினால் அதிசயம். தப்பாட்டி அழக்கூடாது, சரியோ?"

மகள் அழவில்லை. போத்தலின் முலையில் விரலை வைத்து, அதன் நாக்கில் ஒவ்வொரு துளியாகத் தடவி, அதைக் குடிக்கப் பழக்கினாள். அவளுடைய சட்டையெல்லாம் ஆடு மணத்தது. வகுப்பில் யாரோ மூக்கைப் பொத்தினார்களாம். "பண்ணைப் பிள்ளையளும் அப்பிடித்தான் அம்மா மணக்கிறவை. அவையளுக்கு ஒருத்தரும் பொத்திறேல்லை" என்று வந்து சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தகடு குத்தும் நாளுக்கு நானும் கணவரும் போனோம். சங்கத்துப் பதிவாளர் வந்திருந்தார். ஆடுகளுக்குத் தகடு குத்துவதும் இனப் பதிவை எழுதுவதும் அவர்தான். குட்டிகளைப் பிள்ளைகள் வரிசையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தகடு என்பது சுண்டுவிரல் நகமளவு ஓர் அலுமினியத் துண்டு. ஒரு முனை கூர், மறு முனையில் ஓட்டை. குறட்டில் வைத்து நெரித்தால் கூர் முனை காதைத் துளைத்து மறுபக்கம் போய் மடிந்து பூட்டிக்கொள்ளும். அவர் விரைவாக வேலை செய்தார். ஒரு காதிலிருந்து எடுத்த குறட்டைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு அடுத்த காதில் வைத்தார். அதற்கடுத்த காதில் துடைக்கவும் இல்லை.

எங்கள் முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு நகம் வெட்டிய கத்தரியை ஸ்பிரிட்டில் போடாமல் மற்றவருக்கு எடுத்தால் அன்றைக்கே வேலை போய்விடும். நான் கணவரின் காதில் சொன்னேன்:

"அந்தக் குறட்டைக் கழுவச் சொல்லுங்கோவன்."

"அவைக்குத் தெரியாததே உமக்குத் தெரியும்? பேசாமல் இரும்."

பேசாமல்தான் இருந்தேன்.

வெயில் காலம் வந்ததும் குட்டியின் காது வீங்கியது. தகட்டைக் காதின் அடிப்பக்கமாக, இடைவெளியே இல்லாமல் குத்தியிருந்தார். வீக்கம் கூடக் கூட உலோகம் சதைக்குள் புதைந்தது. மகள் வந்து சொன்ன பிறகு ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றது. காதைத் தொட்டால் கொதித்தது. சீழ் வடிந்து ஈ மொய்த்தது. பண்ணைக்காரர்கள் புல் வெட்டும் அவசரத்தில் இருந்தார்கள். காலையில் வெளிக்கிட்டு இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். "ஒன்றிரண்டு அப்படித்தான் புண்ணாகும், தானாக ஆறும்" என்று பெண்மணி மகளிடம் சொல்லியிருந்தார். அது தானாக ஆறுகிற புண் இல்லை. இன்னும் சில நாளில் புழு வைத்திருக்கும்.

எங்கள் ஊரில் என் மகளுக்குக் காது குத்தியபோதும் இப்படித்தான் ஆனது. தோடு சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்தது. அப்போது என்ன செய்வோம்? தோட்டைக் கழற்றுவோம். உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசுவோம். துளை தூர்ந்து போகாமல் ஒரு வேப்பங்குச்சியைச் செருகி விடுவோம். ஆறியதும் குச்சியை எடுத்துவிட்டுத் தோட்டைப் போடுவோம். இதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. எந்தத் தாய்க்கும் கை தானாகவே போகும்.

என் கையும் அப்படித்தான் போனது. தையல் மெஷினின் சின்னத் திருப்புளியைச் சுடுநீரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மகள் குட்டியை முழங்காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்தாள். நான் மடிந்த முனையை மெல்ல நிமிர்த்தித் தகட்டைக் கழற்றினேன். வந்த சீழைப் பற்றி எழுத வேண்டாம். பாசல் நகரத்திலிருந்து வான் வண்டியில் சாமான் கொண்டுவந்து விற்கிற அண்ணையிடம் வாங்கிய மஞ்சளைப் பூசினேன். வேப்பங்குச்சிக்கு அந்த ஊரில் எங்கே போவது, பல் குத்தும் குச்சி ஒன்றைச் சீவி மஞ்சளில் தோய்த்துச் செருகினேன். மகள் ஒவ்வொரு நாளும் கழுவிப் பூசினாள். காது வற்றியது. துளை சுத்தமாக ஆறியது. அதன் பிறகு கணவர் வந்து, தன் சின்னக் குறட்டால் அதே தகட்டை அதே துளையில் போட்டுப் பூட்டினார். கொஞ்சம் கோணல், ஆனால் இறுக்கம்.

அந்தத் தகடு ஒருதரம் பூட்டினால் பிறகு திறக்கக் கூடாத ஒன்று என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கழற்றலாம், போடலாம், தோடு மாதிரி. குட்டி தப்பியது. இதை ஒரு பிழை என்று நான் இன்றைக்கும் எழுத மாட்டேன்.

அந்த நாட்களில் ஒருநாள் பண்ணைக்காரப் பெண்மணி கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, மஞ்சள் காதைக் கண்டார்.

"இதென்ன, கறிக்கு ஊறப் போட்டுட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மகளும் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன். அவர் கண்டார் என்பதுதான் முக்கியம். காதைக் கண்டார், குச்சியைக் கண்டார்.

கோடை முடியும்போது அந்தக் குட்டியைப் பார்த்தால் பழைய குட்டி என்று சொல்ல முடியாது. நெஞ்சு அகன்று, முதுகு நேராகி, கால் உறுதியாக நின்றது. மகளின் பின்னால் கயிறு இல்லாமலே வரும். அவளுடைய சட்டைக் கையைச் சப்பும். மகள் அதன் குளம்பை வெட்டப் பழகியிருந்தாள். அவளுக்கு வேண்டியது பரிசு இல்லை. குளிர்காலத்துக்கு அதற்கொரு இடம் வேண்டும். அதைத்தான் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கண்காட்சி நாளன்று அதைக் குளிப்பாட்டித் துடைத்துக் கொண்டுபோனோம். வாசலில் மரப் பலகை மேசை போட்டுப் பதிவாளர் நின்றார். ஒவ்வொரு குட்டியின் காதையும் பிடித்து, இலக்கத்தை வாசித்துச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் சரி பார்த்தார். எங்கள் முறை வந்தது. காதைப் பிடித்தார். இலக்கத்தை வாசிக்கத் தொடங்கியவர் நிறுத்தினார். கட்டைவிரலால் தகட்டின் பின்பக்கத்தைத் தடவினார். திரும்பவும் தடவினார்.

"இதைத் திறந்திருக்கிறார்கள்."

மகள் தலையாட்டி, ஓம் என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. குட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"உனக்குக் கொடுத்தது இரட்டையில் சின்னது. நோஞ்சான். எனக்கு நல்ல நினைவு. இது அந்தக் குட்டி இல்லை."

"இதுதான் அது" என்றாள் மகள்.

"அந்தக் குட்டி செத்திருக்கும். தகட்டைக் கழற்றி வேறு ஒன்றுக்குப் போட்டிருக்கிறீர்கள். இது மோசடி. உன் பெற்றோருக்குச் சொல்லு."

வெளியில் போனால் எங்களுக்காக ஜெர்மன் மொழியில், டொச்சில், கதைக்கிறவள் எப்போதும் அவள்தான். டாக்டரிடம், தபால் கந்தோரில், கிராம சபையில் எல்லாம். இப்போது தன்மேல் போட்ட பழியை அவளே எங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். என் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"அம்மா, தகடு ஏன் வளைஞ்சிருக்கெண்டு கேக்கிறார்."

"அவர் கேட்டது அது இல்லை பிள்ளை. எனக்கு விளங்கினது."

மோசடி என்ற அந்த டொச்சுச் சொல்லை எனக்குக் கற்றுத் தந்ததே பேர்ணில் நடந்த அகதி விசாரணைதான். என் பிறப்புச் சான்றிதழ் வீட்டோடு எரிந்தது என்று சொன்னபோது மேசைக்கு அந்தப் பக்கம் அந்தச் சொல் வந்தது. பிள்ளை அதை எனக்கு மறைக்கப் பார்த்தாள். இந்த வயதில் அவள் என்னைக் காப்பாற்ற வேண்டி வந்தது.

எனக்குத் தெரிந்த டொச்சில் நானே சொன்னேன். காது அழுகியது. நான் கழற்றினேன். மருந்து போட்டேன். திரும்பப் போட்டேன். நாலு வசனம். பயந்தால் என் டொச் இன்னும் உடைந்து போகும். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமை இருக்கிறதே.

"கழற்றினீர்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள்."

"காதைப் பாருங்கள். தழும்பைப் பாருங்கள்."

"எந்த ஆட்டின் காதிலும் துளை போடலாம்."

பண்ணைக்காரப் பெண்மணி நாலடி தள்ளி, எங்கள் குட்டியின் தாய் ஆட்டுக்குப் பக்கத்தில் தன் மகனின் குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் குட்டியின் கழுத்துப் பட்டியைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"நீங்கள் கண்டீர்கள்தானே," என்று கேட்டேன். "மஞ்சள் காது. சிரித்தீர்களே."

"மஞ்சளாக இருந்தது," என்றார் அவர், பதிவாளரைப் பார்த்து. "அது உண்மை. தகட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது."

அந்தக் கொட்டில் அவருடையது. அந்தக் குட்டி அவருடைய ஆட்டின் வயிற்றில் பிறந்தது. செத்த குட்டி என்றால் அதைப் புதைத்தது யார், புதிய குட்டி எந்த வழியால் வந்தது என்று யாருக்காவது தெரிய வேண்டும் என்றால் அவருக்குத்தான் தெரிய வேண்டும். ஒரு வசனம் போதும். அந்த வசனத்தை அவர் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். பதிவாளரைக் காட்டிலும் அவர்மேல்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். பதிவாளருக்கு எங்களைத் தெரியாது. இவர் எங்கள் பிள்ளைக்குச் சூடான பால் ஊற்றிக் கொடுத்தவர்.

பின்னால் வரிசை நீண்டது. பதிவாளர் ஒரு வழி சொன்னார். மற்றக் காதில் புதிய தகடு குத்தலாம். பதிவில் தாய் தகப்பன் இருக்க வேண்டிய இடத்தில் "பிறப்பு தெரியாது" என்று எழுதுவார். போட்டியில் நிற்க முடியாது, ஆனால் கொட்டிலில் வைத்திருக்கலாம். அல்லது இப்போதே தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் நிற்கும் வானுக்கு அனுப்ப வேண்டும். "பிள்ளை தீர்மானிக்கட்டும். திட்டம் பிள்ளைகளுடையது" என்றார். அதைப் பெரிய நியாயம் போலச் சொன்னார்.

மகள் உடனே சொன்னாள்:

"பிறப்பு தெரியும். அந்தா, அங்க நிக்கிறது அதின்ரை தாய். தெரியாதெண்டு நான் சொல்லமாட்டன்."

இதை அவள் தமிழில் சொன்னாள். அவருக்கு விளங்காத மொழியில், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

கணவர் என் கையைப் பிடித்தார். "ஓம் எண்டு சொல்லச் சொல்லும். மோசடி எண்ட சொல்லு பேர்ண் வரைக்கும் போகும். தெரியும்தானே உமக்கு?"

"நாங்கள் ஓம் எண்டால் மாத்தினது எண்டு ஒத்துக்கொள்ளுறமாதிரி."

"ஒத்துக்கொள்ளுவம். ஆடுதானே."

"ஆடில்லை அப்பா" என்றாள் மகள். "என்னைத்தான் கள்ளி எண்டுறார்."

கணவர் கையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். வானின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாருடையதோ ஒரு குட்டி சரிவுப் பலகையில் ஏற மறுத்தது, இரண்டு பேர் பின்னால் தள்ளினார்கள். மகளும் அதைப் பார்த்தாள். கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள், விரல் வெளுக்கும்வரை.

அவள் சொன்னதுதான் சரி. வகுப்பறையில் நான் இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னதும் அதுதான். விடை சரியென்றால் யார் சத்தம் போட்டாலும் அழிக்காதே. அன்றைக்கு என் பிள்ளை தன் விடையை அழிக்க மாட்டேன் என்று நின்றாள். அவளைக் குனிந்து பார்த்து, அழி என்று நான் சொல்ல வேண்டி வந்தது. வேறு யாரும் அதைச் செய்யப் போவதில்லை. தகப்பன் சொன்னால் அவள் கேட்கப் போவதும் இல்லை.

"பிள்ளை, குட்டி உயிரோடை நிக்கட்டும். அவர் என்னத்தையும் எழுதட்டும்."

"நீங்களும் அப்பிடிச் சொல்லுறியளோ?"

"ஓம். சொல்லுறன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் சொன்னதில்லை. பிறகு அவர் பக்கம் திரும்பி, டொச்சில், குத்துங்கள் என்றாள்.

அவர் பையிலிருந்து குறட்டை எடுத்தார். அந்தக் குறட்டில் காலையில் குத்திய வேறொரு குட்டியின் இரத்தக் கறை காய்ந்திருந்தது. நான் குட்டியின் தலைக்கும் அவர் கைக்கும் நடுவில் போய் நின்றேன்.

"முதலில் கழுவுங்கள்."

"என்ன?"

"குறட்டை. ஸ்பிரிட்டில்."

"எத்தனையோ வருடமாக இதைச் செய்கிறேன்."

"அழுகினது உங்கள் குறட்டால்தான். கழுவாமல் தொட விடமாட்டேன். பொலிஸைக் கூப்பிடுங்கள். அவர்கள் முன்னால் கழுவுங்கள்."

பொலிஸ் என்ற சொல் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியாது. சீருடை கண்டாலே வீதி மாறி நடக்கிறவள் நான். என் கணவர் முகத்தில் இரத்தமே இல்லை. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒரு கிழவர், சிரித்துக்கொண்டா சிரிக்காமலா தெரியவில்லை, தன் கோப்பியில் விட வைத்திருந்த சாராயப் போத்தலை மேசையில் வைத்தார். பதிவாளர் அதைத் திறந்தார். பிறகு குறட்டின் வாயில் ஊற்றித் தேய்த்தார். காணாது, இன்னும் ஊற்றுங்கள் என்றேன். திரும்ப ஊற்றினார். தகட்டையும் நனைக்கச் சொன்னேன். நனைத்தார். எங்கே குத்த வேண்டும் என்றும், வீங்கினால் இடம் இருக்க எவ்வளவு வெளியே விட வேண்டும் என்றும் காதில் விரல் வைத்துக் காட்டினேன். அங்கேதான் குத்தினார். குட்டி ஒரு சத்தம் போட்டுவிட்டு மகளின் சட்டைக் கையைப் பிடித்துச் சப்பத் தொடங்கியது.

பக்கத்தில் இருந்தவர் எழுதினார். "பிறப்பு தெரியாது" என்று எழுத எவ்வளவு நேரம் வேண்டும்? அவர் மிக அழகாக எழுதினார்.

எல்லாம் முடிந்ததும் பதிவாளர் மகளிடம் கையை நீட்டினார். அங்கே அது வழக்கம். பள்ளியில் ஆசிரியைக்குக் காலையிலும் பின்னேரமும் கை கொடுக்காமல் ஒரு பிள்ளையும் உள்ளே போகாது, வெளியே வராது. கை கொடுக்காத பிள்ளை வளர்ப்பில்லாத பிள்ளை. வந்த முதல் கிழமையிலேயே நாங்கள் அவளுக்கு வீட்டில் வைத்துப் பழக்கியிருந்தோம், கண்ணைப் பார், உறுதியாகப் பிடி, பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லு என்று.

அவள் இரண்டு கையையும் கயிற்றிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"கை குடு பிள்ளை," என்றார் கணவர் மெல்ல. "கை குடுத்திட்டு வா."

பதிவாளரின் கை நீட்டியபடியே இருந்தது. பின்னால் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாளைக்கு இது பள்ளிக்கூடத்துக்குப் போகும், கிராம சபைக்குப் போகும், எங்கே எங்கே போகுமோ என்று நினைத்தேன்.

"வேண்டாம்," என்றேன் நான். "நட."

குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு மூன்று பேரும் வந்த வழியே திரும்பினோம்.